ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு சிவப்பு

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அடுத்தவள் வீட்டு மருமகன் கணினியில் என்ன செய்கிறார், அது முடிந்ததா, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று தெரியாமல் உங்களுக்குச் சோறு இறங்காதா? போய் அடுப்பில் வைத்ததைப் பாருங்கள். அடிப்பிடிக்கப் போகிறது.

போகவில்லையா? சரி, இருங்கள். கேட்டுவிட்டு ஊர் முழுக்கச் சொல்லத்தான் போகிறீர்கள். முழுக்கக் கேட்டால் பிழையில்லாமலாவது சொல்வீர்கள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கனடாவில், இளையவன் பிரான்சில், நடுவில் பிறந்த மகள் நோர்வேயில். மூன்று பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனால் செய்தி அனுப்ப ஒருவர் வைத்திருக்கிற செயலியை மற்றவர் வைத்திருக்க மாட்டார். கனடாக்காரன் செய்தி போட்டால் என் போன் பல்லி மாதிரிச் சொல்லும். பிரான்சுக்காரன் போட்டால் விசில் அடிக்கும். மகள் போட்டால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பல்லி சொன்னால் விசிலுக்குள் போய்த் தேடுவேன். தண்ணீர் சொட்டினால் குழாயைப் பூட்ட ஓடுவேன்.

இதைப் பார்த்துத்தான் மருமகன் அந்தப் புரோகிராமைச் செய்யத் தொடங்கினார் என்று மகள் சொல்வாள். நான் நம்பவில்லை. மாமிக்காக ஒரு மருமகன் அவ்வளவு பாடுபட்டதாக இந்தத் தீவில் ஒருவரும் கண்டதில்லை.

அது மூன்று செயலிகளையும் ஒன்றுக்குள் கொண்டுவருகிற புரோகிராம். யார் எதில் அனுப்பினாலும் எனக்கு ஒரே இடத்தில் வந்து விழும். நான் அங்கேயிருந்தே பதில் போட்டால் அவரவர் செயலியில் பழைய மாதிரியே போய்ச் சேரும். விலை கிடையாது. அதைவிடப் புதினம், அதன் உள்வேலை முழுவதையும் திறந்து வைத்திருந்தார்கள். சமைக்கிற சட்டியை மூடாமல் முற்றத்தில் வைத்த மாதிரி. போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கலாம், உப்புக் குறைந்தால் போடலாம். அப்படி எட்டிப் பார்த்து உப்புப் போடப் பல நாடுகளில் ஆட்கள் இருந்தார்கள்.

"இது முடிஞ்ச உடனை உங்கடை மகளைக் கூட்டிக்கொண்டு பெருநாளுக்கு வருவன் மாமி," என்று மருமகன் சொன்னார். "முடியாமல் விட்டிட்டு எழும்ப ஏலாது. எல்லாரும் என்னை நம்பி நிக்கினம்."

எங்கள் கோயில் பெருநாளுக்கு மகள் வந்து பல வருடம். போன முறையும் வருகிறேன் என்றாள், அதற்கு முந்தின முறையும் சொன்னாள். அதனால் அந்தப் புரோகிராம் நல்லபடி முடிய வேண்டும் என்று அதைச் செய்தவரைவிட நான்தான் அதிகம் செபித்தேன்.

பரிசோதித்துப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். பழைய போன், நோஞ்சான் சிக்னல், தமிழ் எழுத்து. இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்தவள் உலகத்தில் நான் ஒருத்திதானாம். என்னையும் சேர்த்தார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்ட ஒரு இணையப் பக்கம் இருந்தது. கிழமைக்கு ஒருமுறை கேள்வி வரும். செய்தி போகிறதா, வருகிறதா, படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா. வேலை செய்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. நாம் அழுத்துகிற நிறம் உலகம் முழுவதற்கும் தெரியும்.

முதல் நாளிலிருந்தே எனக்கு எல்லாம் வேலை செய்தது. நான் எல்லாவற்றுக்கும் சிவப்பை அழுத்தினேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள். என் மனுசன் கடலுக்குப் போய்வந்தவர். வள்ளம் தாழ்கிற அளவுக்கு மீனோடு கரைக்கு வருவார். கரையில் நிற்கிறவன், "என்ன பாடு அண்ணை?" என்று கேட்பான். இவர் முழங்கால் வரை மீனுக்குள் நின்றுகொண்டு, "வெறும் வலை தம்பி. எண்ணெய்க் காசுக்கும் காணாது," என்பார். கேட்டவனும் மீனைப் பார்த்தபடியே, "என்ன செய்யிறது, கடல் அப்பிடிக் கிடக்கு," என்பான். அதைப் பொய் என்று ஒருவரும் நினைப்பதில்லை. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னால் நாவூறு பட்டுவிடும். அடுத்த நாள் வலை கிழியும். நாலு பேர் முன்னாலேயே அப்படியென்றால் உலகம் முழுவதும் பார்க்கிற இடத்தில் நான் பச்சையை அழுத்துவதா? மகள் வந்து சேருவது அந்தப் புரோகிராமில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது!

மருமகன் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை. அவருக்குக் கடல் தெரியாது.

"மாமி, ஏன் எல்லாம் சிவப்பாக் கிடக்கு?"

"என்னத்தைச் சொல்ல தம்பி. ஒண்டும் சரியில்லை."

"என்ன, போறேல்லையோ? வாறேல்லையோ?"

"எல்லாம்தான்."

"ஜேர்மனியிலை ஒருத்தன் லீவெடுத்துக்கொண்டு நிண்டு உங்கடை பிழையைத் தேடுறான் மாமி."

"பாவம். சாப்பிட்டவனோ?"

இப்படியே கிழமைகள் போயின. மற்ற நாடுகளிலிருந்தெல்லாம் பச்சை வந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து மட்டும் செவ்வரத்தம் பூப் பூத்த மாதிரிச் சிவப்பு. இத்தனை சிவப்புக்குள் எந்தக் கண்ணும் படாது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பெருநாளுக்குக் கொடியேற நாள் நெருங்கியபோது மகள் போன் எடுத்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, இந்த முறையும் வர ஏலாது போலை கிடக்கு."

"ஏனடி பிள்ளை?"

"அந்தப் புரோகிராம் முடியேல்லையாம். எல்லாரும் சரியெண்டு சொல்லியாச்சு. ஆரோ ஒரு ஆள் மட்டும் கிழமைக்குக் கிழமை சிவப்பை அமத்துதாம். அந்தச் சிவப்பு மாறாமல் எழும்பமாட்டன் எண்டு இந்த மனிசன் இருக்கிறார். ஆர் எண்டு கேட்டால் சொல்லவும் மாட்டாராம்."

என் சிவப்பு வேலையைக் காப்பாற்றுகிறது என்று நான் நினைத்திருக்க, அது மகளை அல்லவா மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"ஆளைக் கண்டால் என்ன செய்வாய்?" என்று மெல்லக் கேட்டேன்.

"போனைப் பறிச்சுக் கடலுக்கை எறிவன்."

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. அந்த ஆளுக்கும் ஒரு ஞாயம் இருக்கும்."

அவள் போனை வைத்ததும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு மருமகனுக்கு எடுத்தேன்.

"தம்பி, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"இல்லை மாமி."

"அது வேலை செய்யுது."

"எது?"

"எல்லாம்."

"எப்ப துவக்கம்?"

"முதல் நாள் துவக்கம். கொஞ்சம் மெல்லக் கதையும்."

பிறகு நாவூற்றைப் பற்றியும் என் மனுசனின் மீனைப் பற்றியும் விளங்கப்படுத்தினேன். மரியாதையான பிள்ளை, கோபத்தை மூச்சாகத்தான் விட்டார்.

"சரி மாமி. இப்ப எல்லாத்தையும் பச்சையாக்குங்கோ."

"முழுப்பச்சை ஆக்க ஏலாது தம்பி. ஒரு பிழையாவது கிடக்க வேணும்."

"பிழையெல்லாம் எடுத்தாச்சு மாமி. இனிப் பிழைக்கு நான் எங்கை போறது?"

"தேடிப் பாருங்கோ. நீங்கள் படிச்ச ஆள்தானே."

"பிழையோடை ஆராவது வெளியிடுவினமோ?"

"உங்கடை பிள்ளை பிறந்த நேரம் நோர்வேக்கு வந்து நிண்டு கன்னத்திலை கறுப்புப் பொட்டு வைச்சனான். நீங்கள்தான் படம் எடுத்தனீங்கள். பிள்ளையின்ரை வடிவு குறைஞ்சு போச்சோ?"

யோசித்தார். இரண்டு நாளில் ஒரு பிழை அகப்பட்டது என்றார். செய்தி போய்ச் சேர்ந்த பிறகும் அதன் பக்கத்தில் ஒரு சின்ன மணிக்கூடு சுற்றிக்கொண்டே நிற்குமாம். ஒருவருக்கும் கெடுதல் இல்லை. பார்க்கக் கொஞ்சம் அவலட்சணம், அவ்வளவுதான். பொட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஜேர்மன்காரன் அதையும் திருத்தக் கையை வைத்துவிட்டானாம். மருமகன் வேண்டாம் என்று எழுதினார். ஏன் என்று அவன் கேட்டதற்கு, குடும்பக் காரணம் என்று எழுதினாராம். அந்த இணையப் பக்கத்தில் இப்போதும் கிடக்கிறது: தெரிந்த பிழை, பாவனைக்குத் தடையில்லை, திருத்தப்பட மாட்டாது.

அதற்குப் பிறகுதான் பச்சையை அழுத்தினேன். அழுத்த முதல் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் போனை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறலில் இருமிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய, செய்தி போகிறது பச்சை, வருகிறது பச்சை, படம் பச்சை, குரல் பச்சை. அவ்வளவு நல்ல சொல்லை ஒரே நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை, கட்டின மனுசனுக்குக்கூட.

புரோகிராம் வெளியாயிற்று. மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் கொடியேற முதல் வந்து இறங்கினார்கள். மகள் செருப்பைக் கழற்ற முதலே, "எங்கையம்மா உங்கடை போன்?" என்று கையை நீட்டினாள். மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளை இறக்கினார். நான் பேரனைத் தூக்கி நடுவில் பிடித்துக்கொண்டேன். கையில் பிள்ளை இருக்கிறவளிடம் யாரும் போனைப் பறிப்பதில்லை.

அடுத்த நாள் காலையில் வேலியில் பக்கத்து வீட்டுக்காரிகள் இருவர். ஒருத்திக்கு மகளின் சங்கிலியில் கண், மற்றவளுக்கு வாசலில் கிடந்த பெட்டிகளில்.

"மருமோனுக்கு அங்கை பெரிய வேலை போலை, என்னக்கா?"

மருமகன் பகலில் பார்க்கிற சம்பள வேலையை எனக்கும் தெரியும். ஆனால் கண் இருந்த இடத்தைப் பார்த்ததும் அந்தப் புரோகிராம் வேலையைத்தான் சொன்னேன். ஒரு சொல்லும் பொய்யில்லை.

"என்னத்தைச் சொல்லுறது. வருசக்கணக்கா இருந்து ஒரு சாமானைச் செய்தார். அதுக்குச் சம்பளமும் இல்லை. செய்ததை ஊர் உலகத்துக்கெல்லாம் சும்மா குடுத்திட்டார். ஆர் வேணுமெண்டாலும் திறந்து பாக்கலாம், எடுத்துக்கொண்டும் போகலாமாம்."

"ஐயோ, சும்மாவோ? அதாவது ஒழுங்கா வேலை செய்யுதோ அக்கா?"

"எங்கை, பிள்ளை. ஒரு பிழை கிடக்காம். அதைத் திருத்தவும் மாட்டினமாம்."

இருவரும் மகளின் சங்கிலியை மறந்து என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பின்னேரம் வீட்டில் வைக்கப்போகிற நண்டுக்கறியில் பாதி கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேரனுக்கு உறைப்பு ஆகாது, தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.