சியான் மதில்மேல் உதுமான் பாய்

ரங்கூனில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் உதுமான் பாய் ஊர் சுற்றிப் பார்க்கப் போனார் என்றால் அவர் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். அறுபது வயதுவரை அவர் சுற்றியதெல்லாம் வீடு, கடை, போட்டாதாங் படகுத்துறை, அவ்வளவுதான். பூட்டு அனுப்புகிற சீனக் கம்பெனி நல்ல வியாபாரிகள் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி, ஒரு வாரம் சியான் நகரத்துக்கு அழைத்துப் போகிறோம் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே ஆயிரம் வருசத்துப் பள்ளிவாசல் ஒன்று இருக்கிறதாம், பார்க்கச் சீனக் கோயில் மாதிரியே இருக்குமாம். அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மனைவி நூருன்னிசாவுக்கு மட்டும் எங்கும் போக மனமில்லை. "பூட்டுக்கடைக்காரர் வீட்டுக்குப் பூட்டா இல்ல? நான் பாட்டுக்கு இருந்துட்டுப் போறேன்" என்றாள். இவர் விடவில்லை. தனியாக இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து, அவளை த்வாண்டேயில் மகள் சாயிமா வீட்டுக்குப் படகேற்றிவிட்டார். ஓட்டல் ஃபோன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தார்.

அது 2008 மே மாதம். வெள்ளிக்கிழமை ராத்திரி புயல் அடித்தது. சனிக்கிழமை காலையில் சியான் ஓட்டல் டிவியில் பர்மா வரைபடம் தெரிந்தது. சீனப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் வரைபடத்துக்குப் பாஷை எதற்கு? ஆறு கடலில் விழுகிற இடமெல்லாம் வெள்ளைச் சுழிக்குள் கிடந்தது. த்வாண்டேயும் அதற்குள்தான்.

பயணத் திட்டம் மட்டும் புயலுக்கெல்லாம் அசையவில்லை. வழிகாட்டி கோ ச்சோ, ரங்கூன் சீனத்தெருப் பையன், மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கோட்டை மதில்மேல் ஏற்றினான். சுற்றிவரப் பதினாலு கிலோமீட்டர். உதுமான் பாய் கொடிக்கும் முன்னால் விடுவிடுவென்று நடந்தார். "ஊலே, மெதுவா! அந்தக் கோபுரத்தைப் பாருங்க!" என்று கத்தினான் கோ ச்சோ. ஊலே என்றால் பெரியவருக்கு மரியாதை. ஊலே கோபுரத்தைப் பார்க்கவில்லை. கீழே தெருவில் ஃபோன் கடை இருக்கிறதா என்று பார்த்தார்.

இருந்தது, மூன்று தெருவுக்கு ஒன்று. முரசுக் கோபுரத்தடியில் ஒன்று, ரொட்டிக் கடைகளுக்கு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் புகுந்து மகள் வீட்டு நம்பரைச் சுற்றினார். மணிகூட அடிக்கவில்லை. கூட வந்த பழனியப்பன், போட்டாதாங்கில் சரக்குக் கிட்டங்கி வைத்திருப்பவர், "லைன் அறுந்திருக்கும் பாய், ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். அவர் குடும்பம் நாலு மாடிக் கட்டடத்தில் இருந்தது. அந்த ஆறுதலைக் கேட்டு பாய்க்கு எரிச்சல்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிவாசலுக்கும் போனார்கள். எதற்காக இத்தனை தூரம் வந்தாரோ அந்த இடம். முற்றத்துக்குப் பின் முற்றம், மரவேலை, வளைந்த கூரை. தொழுதுவிட்டு எழுந்தபோது நான்தானே அவளை அனுப்பினேன், நான்தானே அனுப்பினேன் என்பதைத் தவிர அவர் மனதில் எதுவும் இல்லை. ஒரு சீனக் கிழவர் சலாம் சொல்லிக் கையைப் பிடித்தார். பாய் அந்தக் கையை விடாமல் அழுதார்.

திங்கட்கிழமை முழுக்க நடை. சாயங்காலம் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது கோ ச்சோ பேச்சுவாக்கில் சொன்னான்: "மத்தியானம் ரங்கூன்லேருந்து ஒரு அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டிருக்காங்க. யாரோ உதுமானாம். லிஸ்ட்டுல அப்படிப் பேரே இல்லன்னு கவுண்டர் பொண்ணு வெச்சுட்டா."

பழனியப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அட மடையா, இவருதான்டா உதுமான்!"

பர்மாவில் நம் ஆட்களுக்குப் பேர் இரண்டு. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒன்று, சர்க்கார் காகிதத்துக்கு ஒன்று. பாஸ்போர்ட்டில் அவர் பேர் 'ஊ தான் வின்'. கல்யாணமாகி முப்பத்தைந்து வருசத்தில் நூருன்னிசா அந்தப் பேரை ஒருநாளும் உச்சரித்ததில்லை, உச்சரிக்கத் தேவையும் வரவில்லை. சீட்டில் நம்பரை எழுதிய மகராசன் அந்தப் பேரை எழுத மறந்துவிட்டார்.

அவள் உயிரோடு இருக்கிறாள்! பாய் சாப்பாட்டைப் போட்டது போட்டபடி எழுந்தார். கவுண்டருக்கு ஓடி, உதுமான் என்று யார் கேட்டாலும் நான்தான் என்று மார்பைத் தட்டிக் காட்டினார். பிறகு யாரும் கேட்கவில்லை. ரங்கூன் கடை நம்பரைச் சுற்றினால் அதிலும் மணி அடிக்கவில்லை. இரண்டு நாள் அந்த ஃபோனைச் சுற்றிச் சுற்றி வந்தார். மற்றவர்கள் ராஜா கல்லறைக்குப் போனார்கள், இவர் போகவில்லை.

வியாழக்கிழமை ரங்கூனில் இறங்கி, சாய்ந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வீட்டுக்கு வந்தார். கூரையில் பாதி இல்லை. நூருன்னிசா வாசலில் தகரத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கையிலிருந்த தகரம் கீழே விழுந்தது.

"சாயிமா?"

"இருக்கா. புள்ளைங்களும் நல்லா இருக்கு. ராத்திரி முழுக்க மேசைமேல நின்னோம், தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. அப்பகூட நான் அழுவல." குனிந்து தகரத்தை எடுத்தாள். "விடிஞ்சதும் உங்களுக்குச் சேதி சொல்லணும்னு தவிச்சேன். திங்கக்கிழமதான் படகு கெடைச்சுது. துறைமுகத்துல ஒரு சீனக்காரர் ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஃபோன் பண்ணினா, அப்படி ஒரு ஆளே இங்க வரலைங்கறா. புயலுக்கு முந்தி ஏறின பிளேன், நான் என்னன்னு நெனைக்கறது?"

"நூரு..."

"செத்தவங்களுக்கு ஓதுற மாதிரி மூணு நாளா உங்களுக்கு யாசீன் ஓதிக்கிட்டிருக்கேன். தெரு முழுக்க வந்து மவுத்து விசாரிச்சுட்டுப் போயிருச்சு." முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "இப்ப வீடு வீடா நடந்து, நான் சாவலன்னு நீங்களே சொல்லிட்டு வாங்க. என்னால முடியாது."