கதவோரத்து சீட்

தென்காசிப் பக்கமிருந்து வந்து சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் கம்பெனியில் சேர்ந்த புதிது. உள்ளூர்க்காரரான மண்ணூர் மேரி அக்கா எங்களுக்கு முன்பே கம்பெனி பஸ்ஸில் ஏறி, கதவோரத்து சீட்டைப் பிடித்துவிடுவார். யாருக்கும் விட்டுத்தர மாட்டார். "உங்க வீட்டு பஸ்ஸாக்கா?" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

வழியில் பாத்ரூம் போக முடியாது என்பதால், பெண்கள் நாங்கள் தண்ணீர் குடிக்காமலேதான் பஸ் ஏறுவோம். ஒருநாள் நான் சாப்பிடவும் இல்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல்கள். திடீரென்று நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வெளியே சொன்னால் சூப்பர்வைசர் 'சீக்காளி' என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அதுதான் தப்பு. அடக்க அடக்க அதிகமானது.

கடைசியில் முன்னால் ஓடிக் கதவைத் தட்டினேன்.

"நடுவழியில தொறக்கக் கூடாதும்மா" என்றார் டிரைவர்.

மேரி அக்கா என் கையைப் பிடித்தார். "இன்னாமா, கை ஐஸா கீது! அண்ணே, வண்டிதான் நவுரவே இல்லியே, கதவைத் தொற!"

காற்று வந்தது. அக்கா எழுந்து என்னைத் தன் சீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "மெதுவா மூச்சு வுடு. எனுக்கும் இப்டி வரும். அதான் இந்த சீட்டை வுடறதில்ல."

இதயத்தில் கோளாறு இல்லை, பயம்தான் என்றார் டாக்டர். இப்போது சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டே ஏறுகிறேன். படபடப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லிவிடுகிறேன். கதவோரத்து சீட்டுக்கு யாராவது சண்டை போட்டால், முதலில் அவள் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.