அடுப்பில் எரியாத புத்தகங்கள்

தெருமுனையில், ஒற்றை அறையில் ரவிக்கை தைப்பவளை எல்லாரும் தையல்கார அக்கா என்பார்கள். பேர்பெற்ற கவிஞர் ஒருவரின் தங்கை அவள் என்பது பலருக்குத் தெரியாது. வறுமை, ஆணாதிக்கம், அற்றுப்போன உறவுகள் என்று அண்ணன் எழுதித் தள்ளுவார். "உறவெல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதுறவரு, சட்டைக்கு அளவு குடுக்கத்தான் இந்தப் பக்கமே வர்றாரு" என்பாள் அக்கா, பல்லில் குண்டூசியைக் கடித்தபடி.

புத்தக வெளியீட்டுக்கும் அவள் தைத்த சட்டையோடுதான் அவர் மேடையேறினார். முன்வரிசையில் அவளுக்கு இடம். தங்கையைப் பற்றிய கவிதையை வாசித்தார். அதில் ஒரு குடிகார அப்பா, மகளின் படிப்பை நிறுத்தி, புத்தகங்களை அடுப்பில் போட்டு எரிக்கிறார். பக்கத்து நாற்காலிப் பெண்மணி மூக்கை உறிஞ்சினார்.

அப்பா குடித்ததே இல்லை. மூட்டை தூக்கி இரண்டு பேரையும் படிக்கவைத்தவர். அண்ணன் ஃபெயிலாகி, தங்கையின் வகுப்பிலேயே உட்கார வேண்டி வந்தது. "அவகூட ஒரே கிளாஸ்ல உக்கார மாட்டேன்" என்று சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துக்கொண்டார். "வீம்பு பிடிக்கிறான், நீ விட்டுக்குடும்மா" என்று அப்பா மகளிடம் கெஞ்சினார். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அதன்பிறகு அப்பா சாகும்வரை அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

புத்தகமும் எரியவில்லை. ஃபெயிலான கோபத்தில் அண்ணன் கிழித்துப் போட்ட புத்தகங்களை அவள் ஒட்டி, அட்டை போட்டு வைத்திருந்தாள். அவற்றையே திரும்ப வாங்கிப் படித்துத்தான் அவர் பாஸானார்.

பாவம், மறந்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுவாரம் அந்தச் சட்டையோடு அவரே வந்து நின்றார்.

"அக்குள்ல பிடிக்குது பாப்பா. கொஞ்சம் பிரிச்சு விடு. விருது குடுக்கிறாங்க."

"அண்ணே, அப்பா எப்ப புத்தகத்த எரிச்சாரு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் வீம்புக்குப் படுத்துக் கிடந்தேன்னு எழுதினா எவன் படிப்பான்? அப்பாதான் போய்ச் சேந்துட்டாரே, அவருக்கென்ன?"

"எனக்கு இருக்குல்ல. நடந்தத எழுதுண்ணே, பிரிச்சு விடுறேன்."

"அந்தக் கவிதைக்குத்தான் விருதே, பைத்தியம்."

அக்கா சட்டையை உதறி, பொத்தான்களைப் பூட்டி, மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"அப்பப் பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.