கருப்புக்குப் பிறந்த மஞ்சள்

மழையில் நனைந்த நாயின் வாடையும் துறைமுகத்து டீசல் வாடையும் கலந்தால் என்ன மணம் வரும் என்று எங்கள் தீவின் ஹேடோ குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த மணத்தில்தான், ஓர் ஆடி மழையில், எங்கள் ராணி படிக்கட்டுக்கு அடியில் குட்டி போட்டாள். ராணி அட்டக்கருப்பு, பக்கத்து வீட்டு பெங்காலி மாமாவின் நாய் ஷேரு, குட்டிகளின் தகப்பன், அவளைவிடக் கருப்பு, குட்டிகளும் கரிக்கட்டைகள்தான், ஒன்றே ஒன்றைத் தவிர: அது பழுத்த வாழைப்பழ மஞ்சள்.

"மா காலா, பாப் காலா, பச்சா பீலா! கைசே பாய்?" என்று, தாயும் தகப்பனும் கருப்பாயிருக்கக் குட்டி மட்டும் எப்படி மஞ்சள் என்று கேட்டு, பெங்காலி மாமா சிரித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். அவர் பார்வை என் "பூனைக்கண்"ணுக்கு வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கண் கருகருவென்றிருக்கும். "அண்ணாச்சி, உன் வீட்டுல எல்லாமே இப்டிதானா?" என்றார் தன் அரைகுறைத் தமிழில். அப்பாவும் கூடச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அன்றிலிருந்து குழாயடிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

குட்டி பால் மறந்ததும் அப்பா அதை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து, வடக்கே மாயாபந்தர் ஊருக்குப் போகும் "போட்"டில் தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பினார். "கண்ணு முன்னால நின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது: அடுத்த போட்டில் நான். இரண்டு டிரவுசர், பல்பொடி, நடுக்கடலில் பசிக்குமே என்று ஒரு தேங்காய், எல்லாவற்றையும் பையில் கட்டிவைத்து, அதுவரை கண் யார் கண்ணிலும் படக்கூடாதென்று அப்பாவின் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உலாவி, கதவில் போய் முட்டிக்கொண்டேன். "கிறுக்கு புடிச்சிருச்சாடா?" என்று கண்ணாடியைப் பிடுங்கிய அம்மா, பையைத் திறந்து பார்த்தாள். தேங்காயை எடுத்துப்போய்ச் சட்னி அரைத்தாள். போட் வந்தது, போயிற்று, என்னை யாரும் ஏற்றவில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை; அம்மா அப்போதும் குழாயடிக்குப் போகவில்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: கருப்பு நாய் மஞ்சளை வெளியே காட்டாமல் உள்ளுக்குள் சுமக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒளிந்திருந்த மஞ்சள் இரண்டும் ஒரே குட்டியிடம் சேர்ந்தால் முடிக்குக் கருப்பு ஏறாது, மூக்கு மட்டும் கருப்பாகவே நிற்கும். எங்கள் குட்டிக்கும் அப்படித்தான். ராணியைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. கண்ணின் நிறமும் இப்படி ஒளிந்து வருவது உண்டாம்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டுவிட்டது; பெங்காலி மாமா "மெயின்லேண்ட்" போனவர் திரும்பவில்லை; அப்பா இறந்தும் வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் டெலானிபூர் வீட்டில் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டாள்.

"சரி, இதை இப்ப யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றாள்.

கீரைக்கட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள், நானும் ஆய்ந்தேன்.