சனிக்கிழமைக் கோழி

எனக்கு வயது தொண்ணூற்றெட்டு. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. ஆறு பேரும் சொந்தக் காலில் நிற்கிறார்கள். ஒருவரும் அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒன்றை மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஏழாவது பிள்ளையைப் பற்றியும் அவன் அப்பாவைப் பற்றியும் ஒரு கோழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் நான் போகிற அன்றைக்கு இந்த வீட்டில் ஒரு தப்பு நடக்கும்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாக இருந்த சமயம். நாங்கள் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சாலை போடும் இடத்தில் தார் கொதிக்க வைக்கிற ஆள். எவ்வளவு குளித்தாலும் தார் வாசனை போகாது. படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். ஆனால் கடைக்குட்டி லேசாகச் சிணுங்கினால் போதும், எனக்கு முன்னால் எழுந்து தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார்.

அவர் என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். நான் பிறந்ததே வேதக்கார வீட்டில். அவருடைய அம்மா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார், மாரியம்மனை விடவில்லை. ஒரே வீட்டில் மாதா படத்துக்கும் விளக்கு எரிந்தது, அம்மனுக்கும் எரிந்தது. சண்டை வந்ததில்லை, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

குடல் காய்ச்சலில் கிடந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கண்ணை மூடினார். மறுநாள் அடக்கம். பெட்டி வந்ததும் அத்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். பக்கத்து வீட்டம்மா மலாக்காச் சிட்டி, பூர்வீகம் தமிழ்தான், ஆனால் தமிழ் வராது, மலாயில்தான் பேச்சு. அத்தை வேலிக்கு மேலே தலையை நீட்டி, “சாப்து” என்று அந்தக் கிழமையின் பெயரை மட்டும் சொன்னார். அந்தம்மா மறுபேச்சில்லாமல் தன் கூண்டிலிருந்து ஒரு கறுப்புக் கோழியைப் பிடித்து, காலைக் கட்டிக் கொடுத்தார்.

சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். துணைக்கு ஓர் உயிரைக் கூட்டிக்கொள்ளுமாம். அது வீட்டு ஆளாக இருந்துவிடக் கூடாதென்று ஒரு கோழியைக் கட்டி அனுப்புவது வழக்கம்.

“கால்மாட்டுல கட்டிடறேன். மேல துணி கெடக்கு, யாருக்கும் தெரியாது” என்றார் அத்தை.

“வேணாம் அத்தை. வேதத்துல செத்தாரு, வேதத்துலயே போவட்டும்.”

“போறவன் போவட்டும். இருக்கிற ஏழும்?”

அதற்குள் உபதேசியார் உள்ளே எட்டிப் பார்த்தார். “என்னாங்கம்மா, கோழிக்கும் ஞானஸ்நானம் குடுக்கணுமா? சாமியாரு காத்துக்கிட்டு இருக்காரு.”

பெட்டி தூக்க வந்த ஒருவன் சிரித்துவிட்டான். அத்தையின் முகம் செத்துப் போயிற்று. எனக்கும் வீம்பு ஏறியது. “நம்ம ஆண்டவரும் ஒரு சனிக்கிழமை பூரா கல்லறைக்குள்ளதான் கெடந்தாரு. அவருக்கு யாரு கோழி கட்டுனா?” என்றேன்.

“கட்டலல்ல?” என்றார் அத்தை, மெதுவாக. “அப்ப அவரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போனாரு? நீயே சொல்லு.”

பெட்டி போய்விட்டது. கோழி போகவில்லை.

அத்தை அதைத் திருப்பிக் கொடுக்கவும் விடவில்லை, அறுக்கவும் விடவில்லை. “போக வேண்டியது நிக்குது” என்று மட்டும் சொல்லி, அடுப்படித் தூணில் கட்டிப்போட்டார். கடைக்குட்டி அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தான். நாள் முழுக்க அந்தக் கோழியின் பின்னால் தவழ்ந்தான். அது இவனைத் தலை சாய்த்துப் பார்க்கும். சனிக்கிழமை வந்தால் பொழுது சாயும் முன்பே அத்தை சன்னல்களைச் சாத்திவிடுவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

பிறகு பிள்ளைக்கு உடம்பு சுட்டது. அப்பனுக்கு வந்த அதே காய்ச்சல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சுகாதார ஆட்கள் வந்து கிணற்றில் வெள்ளைத் தூள் போட்டுவிட்டுப் போனார்கள். நான் கிணற்றைப் பார்த்தேன். அத்தை கோழியைப் பார்த்தார்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். பிள்ளை என் மடியில் கிடந்தான். வாசல் கதவு திறந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. பிள்ளை அந்த வாசலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான், அவன் அப்பா வேலை முடிந்து வரும்போது தூக்குவானே, அதே மாதிரி. எனக்குத் தார் வாசனை அடித்தது. அன்றைக்கு எங்கள் சாலையில் யாரும் தார் போடவில்லை.

அத்தையும் பார்த்துவிட்டார். “இப்பவாச்சும் கோழிய அவன் குழிகிட்ட விட்டுட்டு வந்துடறேனேடி” என்று என் காலைப் பிடித்தார். மாமியார் மருமகள் காலைப் பிடித்த வீடு அது. நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, “வேணாம்” என்றேன்.

பிள்ளை தங்கவில்லை. எந்தக் கிழமை என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் கணக்குப் போடுவீர்கள்.

சின்னப் பெட்டி. சாலைக்குக் குறுக்கே புதுக்கொடிகள் கட்டியிருந்தார்கள். லாரியில் நின்று மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு வந்த பையன்கள் பெட்டியைப் பார்த்ததும் தூக்கிய கையை இறக்கினார்கள். கல்லறையில் அத்தை ஒரே சொல்தான் சொன்னார்: “கூட்டிக்கிட்டான்.”

அப்போதுதான் அத்தை அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு வந்தது. “ஆமா அத்தை. நம்ம ஆண்டவரும் சனிக்கிழமை தனியா இல்ல. பாதாளத்துக்கு எறங்கி, அங்க காத்துக் கெடந்தவங்களத் தேடிப் போனாரு. ஞாயித்துக்கிழமை அவரு எழுந்தப்ப அவங்களுக்கும் வழி தொறந்துச்சு. உங்க மகனும் ஒருநாள் எழுந்து வருவாரு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு.”

குழி தோண்டுகிறவரிடம் சொல்லி, பிள்ளையை அவன் அப்பாவுடைய வலது கைப்பக்கம் வைக்கச் சொன்னேன். செத்தவர்கள் எழுந்திருக்கும் அந்தக் காலையில் எக்காளம் ஊதினாலும் அந்த மனுஷன் எழுவாரோ மாட்டாரோ. பிள்ளை சிணுங்கினால் எழுந்துவிடுவார்.

இதை நான் நம்புகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மற்ற ஆறில் எதற்கு உடம்பு சுட்டாலும் நான் முதலில் பார்த்தது வாசலைத்தான். அந்தக் கோழி நெடுநாள் உயிரோடு இருந்தது. அதன் முட்டையை எங்கள் வீட்டில் ஒருவரும் தொட்டதில்லை.

இப்போது புக்கிட் காதிலில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறேன். இருதயம் களைத்துவிட்டது என்கிறார் டாக்டர். போன வாரம் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தேன். குழாயடியில் ஒரு கோழி, கறுப்பு. மகனைக் கேட்டேன்.

“சும்மா வளக்கத்தாம்மா” என்றான்.

வளர்க்கிற கோழிக்குக் கால்கட்டு எதற்கு? அன்றைக்கு அப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன் அவன். அவன் பயம் எனக்குத் தெரியும்.

ஆகவே சொல்கிறேன். கல்லறையில் என் வீட்டுக்காரருக்கு இடதுபக்கம் காலியாக இருக்கிறது. அங்கே என்னை வையுங்கள். என்ன கிழமை வருகிறதோ வரட்டும். சனி என்றால் சனி. என்னோடு எதையும் கட்டக் கூடாது. நான் துணை தேடிப் போகிறவள் இல்லை. எனக்குத் துணை அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

எழுதிட்டியா கண்ணு? எங்க, மொதல்லேருந்து வாசி. கோழி வர்ற எடத்துல நல்லா சத்தமா வாசி. உங்கப்பன் அடுப்படியிலதான் இருக்கான்.