கூப்பிட்டும் வராத பிள்ளை

நர்சரியின் ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்ற அந்தக் காலை என் கண்ணில் இன்னும் அப்படியே இருக்கிறது. கம்பளை டவுனுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போதுதான் முதன்முதலாகச் சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு நர்சரி திறந்திருந்தார்கள். அதற்கு முன்பு கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கிருந்த ஆயாம்மா பால் கொடுப்பார், தொட்டிலாட்டுவார், அழுதால் தூக்குவார். ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்துப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதை அவருக்கு யாரும் பழக்கவும் இல்லை. டவுனில் இருந்த நர்சரிக்கு வேனில்தான் போய்வர வேண்டும். அது எங்களால் முடியாத காரியம். அதனால் என் தங்கச்சி ஐந்து வயதை நெருங்கும்வரை எந்த டீச்சரின் கண்ணிலும் படவில்லை.

அப்பா கங்காணி, மலையில் ஆட்களை வேலை வாங்குபவர். அவர் குரல் கொடுத்தால் எதிர்மலையில் நிற்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். தங்கச்சி மட்டும் திரும்பமாட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் எங்கள் லயத்து வீட்டு வாசலில் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே இருப்பாள். மற்றப் பிள்ளைகள் ஓடினால் தானும் ஓடுவாள், அவர்கள் சிரித்தால் சிரிப்பாள். பேச்சு வரவில்லை. "எங்க அண்ணனுக்கும் லேட்டாத்தான் பேச்சு வந்துச்சு" என்று அம்மா சமாதானம் சொல்வார். "பேச்சு வரல, திமிரு மட்டும் வந்திருக்கு" என்பார் அப்பா. கையை ஓங்கிவிடுவார். முதுகில் அடி விழுந்த பிறகுதான் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள். எங்கிருந்து வந்தது இது என்று தேடும் அந்தப் பார்வையை அவர் பிடிவாதம் என்று நினைத்தார்.

நர்சரியின் முதல் நாளில் தங்கச்சி அழுவாள் என்று என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிப்போனார்கள். அவள் அழவில்லை. பாயில் உட்கார்ந்து போத்தல் மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். டீச்சர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எல்லோரையும் அழைத்தார். பிள்ளைகள் ஓடிப்போய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இவள் சுவர்ப்பக்கம் பார்த்தபடி அடுக்கிக்கொண்டே இருந்தாள். வெளியே நின்ற மற்றப் பெற்றோர் பார்க்கிறார்களே என்று அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலையில் கொடுக்கும் அதே குரலில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. டீச்சரின் கையிலிருந்த சோக்குப் பெட்டி கீழே விழுந்தது. தங்கச்சியின் தோள்கூட அசையவில்லை. அடுத்த மூடியைக் கவனமாக எடுத்து வைத்தாள்.

டீச்சர் வெளியே வந்தார். "கங்காணி அண்ணே, புள்ளய கண்டி ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டுங்க. அவளுக்குக் கேக்கலன்னு நெனக்கிறேன்."

"கேக்கும் டீச்சர்," என்றார் அப்பா. "அடிச்சா திரும்புவா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது.

கண்டியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், இவ்வளவு காலம் ஏன் கொண்டுவரவில்லை என்று. அப்பாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். அன்று விளங்காதவர்போலச் சுவரைப் பார்த்தார். பிறவியிலேயே இரண்டு காதும் பழுது, நடக்கத் தொடங்கிய வயதில் காதுக்கு மெஷின் மாட்டியிருந்தால் பேச்சு தெளிவாக வந்திருக்கும், இனி முடிந்தவரை பார்ப்போம் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் தங்கச்சி அப்பாவின் மடியில் தூங்கிவிட்டாள். தன் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். வளைவுகளில் அவள் சரிந்தபோதெல்லாம் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் அவளை அடிக்கவில்லை. தொடவும் இல்லை. காதில் மெஷினுடன் அவள் ஓடிவந்து மடியில் ஏறினால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அடிச்ச கைன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே வர்றா. இப்ப ஏன் தள்ளி விடுறீங்க?" அடுத்த நாளிலிருந்து அப்பா வேலை முடிந்து வந்ததும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அவள் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயசைவு தெரிய ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். தலை மட்டும் குனிந்தே இருக்கும். "மொகத்தக் காட்டிப் பேசுங்கண்ணே" என்று டீச்சர் எத்தனையோ முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மலையையே அதட்டி வேலை வாங்கிய மனிதர் ஐந்து வயதுப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கப் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த வெட்கத்தில், பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்க அதுவரை ஒருவரையும் வைக்காத தோட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று இன்று நினைக்கிறேன். அவர் தன் பங்கை ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

தங்கச்சி இப்போது கண்டியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். பேசுவாள்; பழகியவர்களுக்குத்தான் விளங்கும். அண்மையில் நாங்கள் இருவரும் லீவில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது நர்சரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அப்பா இன்றும் இந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார், எங்களையும் கூட்டிப்போனார். ஓர் இளம் தகப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பய கூப்பிட்டா திரும்பவே மாட்டான். ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வருவான்." எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "தம்பி, மொதல்ல அவனுக்குக் கேக்குதான்னு பாருங்க. நான் பாக்கல. காது கேக்காத புள்ளயப் போட்டு அடிச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. தெரிந்தவர்கள் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அவ பாத்துக்கிட்டா இருந்தா?"

"ஆமாப்பா."

அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். தங்கச்சி எங்களிடம் வந்தாள். அவர் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, அந்தக் குழைந்த குரலில் சொன்னாள்: "எனக்கு ஞாபகம் இருக்குப்பா."

"இருக்கும்மா," என்றார் அப்பா. "இருக்கத்தான் வேணும்."

சரிவில் இறங்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை விலக்கவில்லை. திருப்பிப் பற்றிக்கொள்ளவும் அவருக்குத் துணிவு வரவில்லை.