ஒரே அம்மனிடம் இரண்டு வேண்டுதல்

இரண்டாவது முறை உண்டானபோதும் எனக்குச் சர்க்கரை வந்தது. முதல் முறை வந்தபோது, பிள்ளை பெற்றதும் போய்விடும் என்றார்கள், போயும் விட்டது. அந்தப் பிள்ளைக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. ‘நைனா’ என்ற ஒரே சொல்தான். அப்பாவும் நைனா, நானும் நைனா, ஏரியில் நிற்கும் கொக்கும் நைனா. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான்.

சர்க்கரையால் இப்படி ஆகுமா என்று பொன்னேரியில் அவனைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்றார். தாயின் சர்க்கரை வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடக்கூடும். ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. சில ஆய்வுகளில் ஆண்பிள்ளைகளுக்குப் பாதிப்பு கூடுதலாகத் தெரிகிறது, முடிவாக யாரும் சொல்லவில்லை என்றார். எனக்கு ‘ஆண்பிள்ளை’ மட்டும்தான் காதில் தங்கியது. மற்றதெல்லாம் நான் பஸ் ஏறும்போதே இறங்கிப் போய்விட்டது.

அதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட்டபின் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சாப்பிடும் முன்னும் நடந்தேன். படகுகள் நிற்கும் கரை வரை போவேன், திரும்புவேன், மறுபடி போவேன். “காலுல சக்கரமா கட்டிக்கினுகீற?” என்றார் மாமியார்.

அவருக்கு இரண்டாவதும் பையன் வேண்டும். மீன்பிடிக்கப் படகில் ஏற ஓர் ஆள், பேசாத அண்ணனுக்குத் துணையாக ஒரு தம்பி. ஆடியில் கூழ் ஊற்றுவதாக ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பக்கத்திலேயே கண்ணை மூடி நின்று நான் பெண் கேட்டேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. அவள் பாடு திண்டாட்டம்தான்.

ஸ்கேன் எடுத்த அன்று பொறுக்க முடியாமல் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டேன். ஸ்கேன் எடுத்த அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

“சொல்லக் கூடாதுன்னு செவுத்துல எழுதியிருக்கே, தெரியல? பொண்ணுன்னு சொன்னா இன்னா பண்ணப்போறே?”

பெண் என்றால் நிம்மதியாகத் தூங்குவேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால்தான் நம்புவாரா? எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நேராக டாக்டரம்மாவிடம் போய்க் கொட்டினேன்.

“பொண்ணுன்னா தப்பிச்சிடும்னு நான் சொல்லலையேம்மா,” என்றார் அவர். “எதுவா இருந்தாலும் சர்க்கரைய கட்டுக்குள்ள வைங்க. நம்ம கையில இருக்கிறது அது ஒண்ணுதான்.”

சோற்றைக் குறைத்தேன், கேழ்வரகுக்கு மாறினேன். வீட்டிலேயே விரலில் குத்தி ரத்தம் பார்த்தேன். நான் குத்திக்கொள்ளும்போதெல்லாம் மகன் ஓடிவந்து தன் விரலையும் நீட்டுவான். மூடி போட்ட ஊசியால் அவன் விரலைத் தொடுவேன். என்னைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனையும் கோயிலுக்கு அழைத்துப் போனோம். மாமியார் வழக்கம்போல் பையன் கேட்டார். நானும் கண்ணை மூடினேன். யாரோ என் கையைத் தூக்குவது தெரிந்து கண்ணைத் திறந்தேன். காலையில் குத்திய விரலை முகத்தருகே வைத்து, உதட்டைக் குவித்து, மகன் அதை ஊதிக்கொண்டிருந்தான்.

பெண் கொடு என்று இத்தனை நாள் நான் கேட்டதற்கு அர்த்தம், இவனைப் போல் இன்னொன்று வேண்டாம் என்பதுதானே. இவன் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு மாமியாரின் வேண்டுதல் மட்டும்தான் அம்மனிடம் போய்ச் சேர்ந்தது.